எஞ்சின் ஆயிலும் அறுசுவையும்: பீப்பாயில் ஊறிய கருப்பு பீர் குறித்து ஒரு தட்டாஞ்சாவடி ஆய்வு

ஸ்காட்லாந்தில் ஆல்வா என்று ஓர் ஊர். அங்குள்ள ஹார்வீஸ்டவுன் ஆலை காய்ச்சும் கருப்பு பீர் ஒன்றின் பெயர் ‘ஓல்ட் எஞ்சின் ஆயில்’. ஆலையைத் தொடங்கிய கென் புரூக்கர் அதற்கு முன் ஃபோர்டு கார் கம்பெனியில் வேலை பார்த்தவர். கருத்து, தடித்து, வழுவழுவென்று இறங்கும் பீருக்குத் தனக்குப் பழக்கமான பொருளின் பெயரையே வைத்துவிட்டார். 2007-இல் அதே பீரை இன்னும் கனமாகக் காய்ச்சி, ஆர்க்னி தீவுகளிலுள்ள ஹைலண்ட் பார்க் விஸ்கி ஆலையின் காலிப் பீப்பாய்களில் ஊறவைத்து, ‘ஓலா டூ’ என்று வெளியிட்டார்கள். காலிக் மொழியில் கருப்பெண்ணெய் என்று அர்த்தம். விஸ்கி 12 ஆண்டு குடியிருந்த பீப்பாய் என்றால் புட்டியில் 12 என்று போட்டிருக்கும். 16, 18, 30, 40 என்றும் வந்தன. எண் பீரின் வயதைச் சொல்வதல்ல. முன்பு குடியிருந்தவரின் வயதைச் சொல்வது. பீர் அந்த வீட்டில் தங்குவது சில மாதங்கள்தான்.

இதைக் குடித்துக் குறிப்பெழுதியவர்கள் உலகெங்கும் உண்டு. டார்க் சாக்லேட், எஸ்பிரெஸோ, புகை, வனிலா, ஓக் மரம் என்று எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஆனால் எஞ்சின் ஆயில் என்று பெயர் சூட்டிய பானத்தை, எஞ்சின் ஆயிலோடு வாழ்கிற ஓர் ஆளிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. ஆய்வுலகம் இதை ‘ஆய்வு இடைவெளி’ என்று மரியாதையாகச் சொல்லும். அந்த இடைவெளியை அடைக்கும் தகுதி, புதுச்சேரியில் வழுதாவூர் சாலைப் பக்கம் இருக்கும் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக்கு உண்டு என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

நிதிநல்கை கிடைக்காததால் ஆய்வுக்குழு கற்பனையில் கூட்டப்பட்டது. புட்டியும் கற்பனையே. வேதியியலும் வரலாறும் மட்டும் நிஜம்.

குழுவில் மூவர். முதலாமவர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர். ஆயிலை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தே, மாற்ற வேண்டுமா, இன்னும் ஓடுமா என்று சொல்லிவிடுவார். இரண்டாமவர் தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துத் தரகர்; மல்லாட்டையை உடைத்து ஒரு கடி கடித்ததும் ஈரம் எவ்வளவு என்று தெரிந்து விலை பேசுபவர். (மல்லாட்டை என்றால் நிலக்கடலை. இவ்வளவு விளக்கம் வெளியூர் வாசகருக்கு மட்டும்.) மூன்றாமவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு அந்நாட்டு ஓய்வூதியம் வாங்கும் ஒரு சொல்தா. இவருக்குத் தனித்தகுதி கேட்கப்படவில்லை. புதுச்சேரியில் குடியைப் பற்றிப் பேச்செடுத்துவிட்டு, பக்கத்தில் சொல்தா ஒருவர் இருந்தும் அவரைக் கேட்காமல் முடிவுக்கு வருவது மரபல்ல.

களத் தேர்வுக்கு வேறு நியாயமும் உண்டு. மதுவிலக்கு 1937-இல் சேலத்தில் தொடங்கி 1948-க்குள் சென்னை மாகாணம் முழுவதையும் பிடித்தபோது, 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி அந்தக் கணக்கில் வரவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் தொண்டை வறண்டது. இந்தப் பக்கம் கடை திறந்திருந்தது. இன்றும் சாராயக்கடையும் கள்ளுக்கடையும் ஏலம் விட்டு முறைப்படி நடக்கும் ஊர் இது. ஒரு மாநிலத்துக்கே ஒரே கடைக்காரராக டாஸ்மாக் இருக்கும் நாட்டிலிருந்து வருபவருக்கு, இங்கே தனியார் கடையின் அடுக்கில் கண்ணை மேயவிடுவதே ஒரு கல்விச் சுற்றுலா. அப்படிப்பட்ட ஊரில் கருப்பு பீரைப் பற்றி ஒரு முறையான கட்டுரை வராதது தமிழ் ஆய்வுலகத்தின் மெத்தனம்.

முன்னோர் ஆய்வு என்று வரும்போது, தமிழர்களுக்கு முன்னுரிமை கோருவது இத்துறையில் கட்டாயம். இங்கே அதற்கு நிஜமாகவே ஆதாரம் இருக்கிறது. புறநானூற்றின் 129-ஆம் பாட்டில், உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் பாடும்போது, மலைக்குறவர்கள் வளைந்த மூங்கில் குழாயில் முதிரவைத்த தேறலைக் குடித்துவிட்டு வேங்கை மரம் நிற்கும் முற்றத்தில் குரவை ஆடுகிறார்கள். மரக்கலத்தில் ஊறவைத்தால் மது மாறும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மூங்கில் மரமா, புல்லா என்று தாவரவியலார் குறுக்கே கேட்பார்கள். புல்தான். ஆயினும் கருதுகோளுக்கு வலுச் சேர்ப்பதால் இவ்வாய்வு அதை மரம் என்றே கொள்கிறது.

மறுபுறம், யவனர் கொண்டுவந்த மது. தட்டாஞ்சாவடிக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது மத்திய தரைக்கடல் பகுதியிலிருந்து வந்த ஆம்போரா ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. மது கசியாமலிருக்க ஜாடியின் உட்புறம் பிசின் பூசுவது ரோமானியர் வழக்கம். ஆக, கலத்தின் வாசனையைச் சேர்த்தே குடிப்பது இந்தக் கடற்கரைக்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம்.

ஓக் பீப்பாய் வந்தது பிற்பாடு, வெள்ளைக்காரச் சிப்பாயோடு. லண்டனின் கருப்பு போர்ட்டர் பீர், தென்னாப்பிரிக்க முனையைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பலில் ஆடி இந்தியாவுக்கு வந்தது. பின்னர் நீலகிரிக் குளிரில் இங்கேயே காய்ச்சினார்கள். 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் 5 ஆலைகளைச் சேர்த்து யுனைட்டெட் புரூவரீஸைத் தொடங்கியபோது, சரக்கு ஹாக்ஸ்ஹெட் என்னும் பெரும் பீப்பாய்களில் மாட்டு வண்டியில் போனது. கிங்ஃபிஷர் புட்டியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுப்பவர், அதன் முப்பாட்டன் மாட்டு வண்டியில் மரப்பீப்பாய்க்குள் குலுங்கிப் போனதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இதில் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று: அந்தக் காலத்து ஆங்கிலேய பீர்க்காரர்கள் பீப்பாயின் சுவை பீரில் இறங்கிவிடக்கூடாதே என்று பயந்தார்கள். பால்டிக் கடற்கரையிலிருந்து மேமல் ஓக் மரத்தைத் தேடி வாங்கியதே, அது வாய்பேசாத மரம் என்பதால்தான். அமெரிக்க ஓக் அவர்களுக்கு ஆகாது. வாசனை அடிக்கும் என்றார்கள். இன்று அதே வாசனைக்குத்தான் கூடுதல் விலை.

இந்தத் தலைகீழ் மாற்றத்துக்குப் பாதிக் காரணம் சட்டம். அமெரிக்காவில் போர்பன் விஸ்கியைப் புதிதாகச் செய்து உட்புறம் கரியாகச் சுட்ட ஓக் கலத்தில்தான் வைக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயில் மறுபடி போர்பன் போட முடியாது. ஆண்டுதோறும் மலைமலையாகக் காலிப் பீப்பாய் தேறுகிறது; ஸ்காட்லாந்துக்காரரும் அயர்லாந்துக்காரரும் ரம்காரரும் வாங்கிப் போக, மிச்சத்தில் பீர்க்காரரும் கைவைத்தார்கள். சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலையில் கிரெக் ஹால் 1990-களில் ஜிம் பீம் பீப்பாயில் ஊறவைத்த ‘போர்பன் கவுண்டி ஸ்டவுட்’ இந்த வகைக்கு ஆதி நூல் என்று கருதப்படுகிறது. எடின்பரோவின் இன்னிஸ் அண்ட் கன் பிறந்த கதை இன்னும் ருசி. விஸ்கி ஆலை ஒன்று தன் பீப்பாய்க்கு பீர் வாசனை ஏற்ற விரும்பி பீர் வாங்கி ஊற்றியது. வேலை முடிந்ததும் பீரைக் கீழே கொட்ட வேண்டியதுதான். கொட்டப் போன தொழிலாளர்கள் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, கொட்ட மனமில்லாமல் நின்றார்களாம். கம்பெனி சொல்லும் கதைதான், நம்பலாம். இந்த ஒரு விஷயத்தில் ஸ்காட்லாந்துத் தொழிலாளிக்கும் அரியாங்குப்பத்துத் தொழிலாளிக்கும் வேற்றுமை இருக்க நியாயமில்லை. 2003-இல் அந்தக் கொட்ட வேண்டிய பீர் கடைக்கு வந்தது.

இனி பீப்பாய்க்குள் நடப்பது. ஓக் மரத்தைச் சுடும்போது அதன் லிக்னின் சிதைந்து வனிலாவின் வாசனைக்குக் காரணமான வனிலின் வெளிப்படுகிறது. கிராம்புக்கு மணம் தரும் யூஜினால் உண்டு. விஸ்கி லாக்டோன் என்றே பெயர் பெற்ற ஒரு பொருள் உண்டு; அதன் மணம் தேங்காய். அமெரிக்க வெள்ளை ஓக்கில் இது தாராளம், ஐரோப்பிய ஓக்கில் குறைவு. ஹைலண்ட் பார்க்கின் பீப்பாய்கள் பெரும்பாலும் ஸ்பெயின் ஷெர்ரி ஒயினுக்கு முதலில் இடம்கொடுத்தவை. பிறகு ஆர்க்னியின் புதர்ச் செடி மண்டிய கரிமண்ணை எரித்துப் புகையூட்டிய விஸ்கி. அதன் பிறகே பீர். மூன்று குடித்தனம் பார்த்த வீடு. கருப்பு பீரின் கருமைக்கோ பீப்பாய் காரணமல்ல. 1817-இல் டேனியல் வீலர் காப்புரிமை வாங்கிய உருளையில், காப்பிக்கொட்டை போலவே சுழற்றிச் சுழற்றிக் கருக்கிய பார்லி மால்ட்தான் காரணம்.

குழு அமர்ந்தது. முதல் சர்ச்சை வாயில் விடும் முன்பே எழுந்தது.

“கூலிங் இல்லையா?” என்றார் தரகர்.

இவ்வகை பீரை ஏறக்குறைய 13 டிகிரியில் குடிக்கச் சொல்கிறார்கள். ஐஸ் போல இருந்தால் மணம் மேலெழும்பாது, மரம் வாய்திறக்காது. புதுச்சேரி வெயிலில் இதற்குத் தனி ஏற்பாடு தேவையில்லை என்று குழு கண்டறிந்தது: ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, ஆளுக்கு எவ்வளவு என்று சண்டை போட்டு முடிப்பதற்குள் பீர் உரிய வெப்பநிலைக்கு வந்துவிடும்.

லேத்காரர் கோப்பையைச் சாய்த்துப் பார்த்தார். ஆயிலைவிடத் தண்ணீர்ப் பதம். ஆயிரக்கணக்கில் கிலோமீட்டர் ஓடி இறக்கிய ஆயிலின் நிறம் மட்டும் அச்சாக இருக்கிறது என்றார். இத்துறை இலக்கியத்தில் இது ஒரு புதுச் செய்தி. முகர்ந்துவிட்டு, லேத்தில் கடைசல் பிடிக்கும்போது கட்டிங் ஆயில் சூடேறி எழும் புகையில் ஒரு துளி இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டார். விஸ்கியின் கரிமண் புகையில் குவாயகால் முதலான ஃபீனால்கள் இருப்பதை நோக்க, இதை மறுக்கத் தேவையில்லை. வெளிநாட்டு விமர்சகர்கள் தார், மருத்துவமனை, கட்டுத்துணி என்றெல்லாம் விஸ்கிப் புகையை வர்ணித்துப் பாராட்டும்போது, கட்டிங் ஆயில் மட்டும் இழிவா?

தரகர் தேங்காய் இருக்கிறது என்றார். பழைய கொப்பரை, ஆனால் சிக்கு விழாதது. பிறகு கருப்பட்டி; கருக வறுத்த மல்லாட்டைத் தோல். சொல்தா வெகுநேரம் கோப்பைக்குள் மூக்கை வைத்திருந்துவிட்டு, “காப்பி” என்றார். சிக்கரி கலந்த காப்பி என்று திருத்திக்கொண்டார். நெப்போலியன் 1806-இல் கடலடைப்புச் செய்து காப்பி வரத்து நின்றபோது பிரான்ஸில் சிக்கரி பரவியதை அவர் நினைவுபடுத்தியது பொருத்தமே. கும்பகோணத்து டிகிரி காப்பிக்காரரும் பாரிஸ்காரரும் ஒரே வேரைத்தான் வறுக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை தேவை. 2001-இல் போர்தோவில் நடந்த ஆய்வு ஒன்றில், வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து ஒயின் கல்வி படிக்கும் 54 மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களையே அவர்கள் எழுதினார்கள். மூக்குக்கு முன் கண் தீர்ப்பெழுதிவிடுகிறது. அப்படியானால் சொல்தா காப்பி என்றது கருப்பைப் பார்த்தா? பாதி அப்படி இருக்கலாம். மீதிப் பாதி நிஜம்: கருக வறுத்த மால்ட்டிலும் வறுத்த காப்பிக்கொட்டையிலும் பைரசின் போன்ற மணப்பொருள்கள் பொதுவாகவே உண்டு. கண்ணைக் கட்டிவிட்டுச் சோதிக்கலாம் என்ற யோசனையைச் சொல்தா நிராகரித்தார். கண்ணைக் கட்டிக் கொடுப்பதெல்லாம் ராணுவத்திலேயே போதும் என்றார்.

குறிப்பெழுத எந்தச் சட்டகம் என்பது அடுத்த கேள்வி. டென்மார்க்கில் பிறந்த மார்ட்டன் மீல்கார்ட் 1970-களில் உருவாக்கிய பீர்ச் சுவைச் சக்கரத்தில் 14 பிரிவுகள், 122 சுவைகள். தொல்காப்பியர் மனித உணர்ச்சி முழுவதையும் 8 மெய்ப்பாட்டில் அடக்கினார். பீருக்கு மட்டும் 122 ஆரம் எதற்கு என்று குழு வியந்தது. சோதித்தும் பார்த்தது. முதல் வாய் மருட்கை. அதற்குரிய நான்கு நிலைக்களன்களில் புதுமை பொருந்துகிறது. இரண்டாம் வாயில் தரகர் முகம் சுளித்ததை இளிவரல் என்று பதிவு செய்தார்கள். மூன்றாவதில் உவகை. விலையைக் கேட்டதும் அழுகை. வறுமையை அதற்கொரு காரணமாகத் தொல்காப்பியர் முன்கூட்டியே சேர்த்துவைத்திருக்கிறார்.

ஆனால் உண்மையான கண்டுபிடிப்பு மெய்ப்பாட்டில் இல்லை, அறுசுவையில் இருக்கிறது. இன்றைய உடலியல் நாக்குக்கு ஐந்து அடிப்படைச் சுவைகளை ஒப்புக்கொள்கிறது: இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, உமாமி. துவர்ப்பும் கார்ப்பும் பட்டியலில் இல்லை. துவர்ப்பை மீல்கார்டின் சக்கரமும் வாயுணர்வு என்ற பிரிவில் ஒதுக்கிவைக்கிறது. இப்போது பீப்பாயைப் பாருங்கள். பீப்பாயில் ஊறாத கருப்பு பீரில் மால்ட்டின் இனிப்பு, கருகலும் ஹாப்ஸும் தரும் கசப்பு, கொஞ்சம் புளிப்பு. ஓக் பலகையில் ஊறும்போது டானின் இறங்குகிறது: அது துவர்ப்பு. 8 விழுக்காடு ஆல்கஹால் தொண்டையில் சூடேற்றுகிறது; மிளகாயின் காப்சைசின் தட்டி எழுப்பும் அதே ஏற்பியை ஆல்கஹாலும் சீண்டுகிறது: அது கார்ப்பு. மேற்கத்தியப் பட்டியல் வெளியே நிறுத்திய இரண்டு சுவைகளைத்தான் பீப்பாயும் சாராய வீரியமும் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஸ்காட்லாந்துக்காரர் இதை ‘ஓக்கின் பிடி’, ‘இதமான சூடு’ என்று சுற்றிவளைத்து எழுதும் இடத்தில், வாழைப்பூவும் நெல்லிக்காயும் கொட்டைப்பாக்கும் தின்று வளர்ந்த தரகர் ஒரே வார்த்தையில் முடித்தார்: “தொவர்ப்பு.”

ஆறில் உவர்ப்பு மட்டும் பாக்கி. அதற்காகத்தான் சைடிஷ். ஊறுகாயை விரலில் தொட்டு நாக்கில் வைத்ததும் அறுசுவையும் முழுமை பெற்றது. இந்த ஏற்பாடு ஹார்வீஸ்டவுன் ஆலைக்குத் தெரியாது.

கார்ப்பு பற்றி ஓர் இடைக்குறிப்பு. இந்திய உணவுத் தர விதிகளின்படி ஸ்ட்ராங் பீர் என்பது 5 விழுக்காட்டுக்கு மேல் 8 வரை. ஓலா டூ அந்தப் படியின் உச்சியில் சரியாக உட்காருகிறது. ‘ஸ்ட்ராங்கா குடுங்க’ என்று கவுண்டரில் கை நீட்டும் புதுச்சேரிக் குடிமகனின் அளவுகோலும் ஸ்காட்லாந்துப் பீப்பாய்க்காரரின் அளவுகோலும் ஒரே எண்ணில் சந்திக்கின்றன. ஒருவர் ஒரு மணிநேரம் உறிஞ்சுகிறார், மற்றவர் பஸ் வருவதற்குள் முடிக்கிறார் என்பதே வித்தியாசம்.

இவ்வளவு பொருத்தம் இருக்க, தொழிற்பேட்டை ஷெட் ஒன்றிலேயே பீப்பாயை உருட்டிவைத்து ஊறவைத்தால் என்ன என்று லேத்காரர் கேட்டார். நியாயமான கேள்வி, பதில் வெயில். ஸ்காட்லாந்தில் பீப்பாய் விஸ்கி ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு ஆவியாகிப் போகும். அதைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள். பெங்களூர் அம்ருத் ஆலையில் அந்தப் பங்கு 10 விழுக்காட்டுக்கு மேல். கடலோரப் புதுச்சேரியின் தேவதைகள் எவ்வளவு கேட்பார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது. காற்றில் ஈரம் மிகுந்த ஊரில் தண்ணீரைவிட ஆல்கஹால் வேகமாக வெளியேறும் என்பதால், அளவும் குறையும், வீரியமும் குறையும். இரட்டை நஷ்டம்.

விஸ்கிக்காவது கிருமி பயமில்லை. பீப்பாயில் அதன் வீரியம் 60 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். 8 விழுக்காட்டு பீர் வெயிலில் கிடந்தால் பீப்பாய்ப் பலகைக்குள் பதுங்கியிருக்கும் நுண்ணுயிர்கள் விருந்து வைத்துவிடும். கூஸ் ஐலண்ட் 2015-இல் போட்ட சில சரக்குகளில் லாக்டோபேசில்லஸ் புகுந்து புளித்துப்போய், வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. பிறகு அவர்கள் பாஸ்டரைஸ் செய்யத் தொடங்கினார்கள். சிகாகோ குளிரிலேயே இந்தக் கதி என்றால், மே மாதத் தட்டாஞ்சாவடியில் கிடைப்பது காடிதான். ஏசி போட்ட ஷெட் என்றால் முடியும். கரண்ட் பில் யார் கட்டுவது என்ற இடத்தில் இந்த இயல் நின்றுவிட்டது.

குறுக்குவழி ஒன்று இலங்கையில் இருக்கிறது. நுவரெலியாவில் 19-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிய ஆலை மரபில் வந்தது லயன் ஸ்டவுட். 8 விழுக்காட்டைத் தாண்டும் கருப்பு பீர். பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (ஆடிப் பாடியவர் வேறு) அதைத் தேடிக் கண்டிவரை போய், உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். கண்டியில் ஸ்டவுட்டில் கொஞ்சம் தென்னஞ்சாராயத்தை விட்டுக் குடிப்பவர்கள் இருந்ததையும் அவர் குறிப்பிட்டார். அந்தச் சாராயமோ ஹல்மில்ல மரத் தொட்டியில் முதிர்வது. விஸ்கிப் பீப்பாயில் பீரை ஊறவைக்க மாதங்கள் ஆகும். மரத்தொட்டியில் ஊறிய சாராயத்தை பீரில் ஊற்ற ஒரு நொடி. மரம், வீரியம், கருமை மூன்றும் கோப்பையிலேயே கூடிவிடுகின்றன. முறையியல் நோக்கில் இது மோசடி. பொருளாதார நோக்கில் தூய அறிவு. சொல்தா இதைத் தன் பிற்சேர்க்கையாகப் பதிவு செய்யச் சொன்னார், பெயர் வேண்டாம் என்ற நிபந்தனையோடு.

கடைசி அமர்வில் லேத்காரர் பீரைப் பற்றிப் பேசவே இல்லை. ஆணியும் பசையும் இல்லாமல் முப்பது சொச்சம் பலகைகளை ஆறு இரும்புப் பட்டையில் இறுக்கி, 200 லிட்டர் சரக்கைப் பல ஆண்டு கசியாமல் நிறுத்துகிறார்களே, பட்டையின் கனம் எத்தனை மில்லிமீட்டர், அதை எப்படி வளைக்கிறார்கள் என்பதே அவர் கேள்வி. தரகருக்கோ காலிப் பீப்பாயின் மறுவிலை முக்கியம். அயர்லாந்தின் ஜேம்சன் ஆலை 2013-இல் கார்க் நகரத்து பீர் ஆலைக்குப் பீப்பாய்களை இரவல் கொடுத்து, ஸ்டவுட் ஊறி முடிந்ததும் திரும்ப வாங்கி, அதிலேயே மறுபடி விஸ்கி ஊற்றி ‘காஸ்க்மேட்ஸ்’ என்று விற்ற செய்தியைச் சொன்னபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப பீர்க்காரனுக்கு வாடகை இல்லாம சரக்கு ஊறுது, விஸ்கிக்காரனுக்குக் காசில்லாம வாசனை ஏறுது. கமிஷன் யாருக்குங்க?”

குழுவில் யாருக்கும் விடை தெரியவில்லை. பட்டையின் கனத்தை மட்டும் லேத்காரர் உத்தேசமாக ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார்.